கிளாடிஸ் சொன்ன ஐந்தாம் நாள்

கோயமுத்தூருக்குக் கடல் கிடையாது. மலையைத் தாண்டிக் கோழிக்கோட்டுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் புலியகுளத்தில் கிளாடிஸ் வீட்டு மொட்டை மாடிக்குப் போக வேண்டும். அங்கே ஆறு நீல டிரம்கள் நிற்கின்றன. ஆர்.ஓ. தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கொட்டி, சின்ன மோட்டார் ஒன்றை உள்ளே இறக்கி ஒரு நாள் முழுக்கச் சுழல விடுவார். மறுநாள் அதில் ஒரு சொட்டை எடுத்துக் கைக்கு அடக்கமான ஒரு குழாயின் நுனியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். உப்பு சரியாக இருந்தால் தலையை ஒரு தரம் ஆட்டுவார். அந்த டிரம் அன்றைக்குக் கடல்.

நாற்பத்தொரு வயதில் இருபத்து மூன்று கடல் மீன் தொட்டிகளுக்கு அவர் பொறுப்பு. ஒரு பல் மருத்துவமனை, இரண்டு ஐ.டி. கம்பெனிகளின் வரவேற்பறை, சத்தியமங்கலத்தில் ஓர் ஓட்டல், இன்னும் பல வீடுகள். அவற்றில் ஒன்று சரவணம்பட்டியில் எங்கள் வீடு. எங்கள் வீடு என்றால் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடு. நான் பதினான்கு வருடங்களாக ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறேன்.

கிளாடிஸின் அப்பா அந்தோணிராஜ் ஒரு நூற்பாலையில் வேலை செய்தவர். மில் மூடிய வருடம் கிளாடிஸ் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தார். கல்லூரிச் சுற்றுலாவில் மண்டபம் என்ற கடலோர ஊருக்குப் போனபோதுதான் கடலை முதலில் பார்த்தார். அடியில் கண்ணாடி பதித்த படகில் கூட வந்த பெண்களெல்லாம் தலைசுற்றி வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு குப்புறப் படுத்துக் கிடந்தாராம். படிப்பை முடித்துவிட்டு அதே கடற்கரைக்குப் போய், மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்றில் நாலு வருடம் இருந்தார். கல்லூரிப் பேருந்து ஓட்டும் சகாயத்தைக் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்குத் திரும்பியபோது, கூடவே ஒரு கண்ணாடித் தொட்டியும் வந்தது. மீன் வேண்டுமென்றால் உக்கடம் மார்க்கெட்டில் கிலோக் கணக்கில் கிடைக்குமே என்று சகாயம் அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் யாராவது வீட்டுக்கு வந்தால் சொல்லிச் சிரிக்கிறார். டிரம்களை மாடிக்குத் தூக்கி வைத்தவரும் அவர்தான்.

கிளாடிஸிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தொட்டிக்குப் போனாலும் முதல் பத்து நிமிடம் மூடியைத் திறக்க மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். யார் எங்கே இருக்கிறார்கள், யார் யாரைத் துரத்துகிறார்கள், யாருடைய செவுள் வேகமாக அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வார். ஒவ்வொரு மீனும் எத்தனை மணிக்கு எழுந்தது, எப்போது தின்றது, எப்போது படுத்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். அவர் வராத நாட்களில் அந்தந்த வீட்டுக்காரர்கள் பார்த்து வாட்ஸப்பில் நேரம் அனுப்ப வேண்டும். அனுப்பாதவர்களிடம் ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார். அடுத்த முறை வரும்போது, “ஏனுங்க, மீனு நல்லா இருக்குதுங்களா, இல்லீங்களான்னு எனக்கே தெரியலீங்க” என்பார். அதற்குப் பிறகு எல்லோரும் அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் வீட்டுத் தொட்டியை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அப்பா சுந்தரராஜுலுவுக்கு எழுபத்து நாலு வயது. நாற்பது வருடம் தண்ணீர் மோட்டார் செய்தவர். பட்டறையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்ததும், பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டு அதில் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று போய்ச் சொல்ல ஆரம்பித்தார். ஹாலில் ஏற்கெனவே ஒரு கேமரா வைத்திருந்தேன். வயதான இரண்டு பேர் தனியாக இருக்கிறார்களே என்று வைத்தது. பெர்த் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு நாளைக்குப் பத்து தரம் அதைப் பார்ப்பேன். வெறும் நாற்காலிகளைப் பார்ப்பதற்கு மீன்களையாவது பார்க்கலாமே என்றும் தோன்றியது.

கிளாடிஸ் தொட்டியைப் பொருத்திய அன்றைக்கு அப்பா மீனைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. மீன் தொட்டிக்குக் கீழே இருந்த அடித்தொட்டியில் முங்கியிருந்த மோட்டாரைக் காட்டி, எத்தனை வாட், ஷாஃப்ட் எதில் செய்தது, தண்ணீர் புகாமல் எப்படி அடைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். கிளாடிஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

“சத்தமே இல்லீங்களே அம்மணி” என்றார் அப்பா கடைசியில்.

“சத்தம் வந்தா மீனு திங்காதுங்கய்யா. அதனால மோட்டாருக்குத்தான் மொதல்ல மரியாதை.”

அந்த ஒரு பதிலில் அப்பா விழுந்துவிட்டார். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நான் போனில் கேட்டேன். அதற்கும் கிளாடிஸ் வழி வைத்திருந்தார். மின்சாரம் நின்ற நொடியில் தானாக ஓட ஆரம்பிக்கும் பேட்டரிக் காற்று மோட்டார் ஒன்று தொட்டிக்குப் பின்னால் இருந்தது. அம்மா ராமாமணி மட்டும் உப்புப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மிச்சம் இருந்தால் ஊறுகாய்க்கு ஆகுமா என்று கேட்டார்.

இரண்டு கோமாளி மீன்கள், டேம்சல் என்ற குட்டி நீல மீன் ஒன்று, ஓர் இறால் என்று முதலில் வந்தன. மூன்று மாதம் கழித்து வந்ததுதான் மஞ்சள்.

ராஸ் என்ற வகை மீன் அது. விரல் நீளம். உடம்பில் ஒரு புள்ளி இடமில்லாமல் மஞ்சள், முதுகுத் துடுப்பில் மட்டும் கறுப்புப் பொட்டு. ஈரோட்டுச் சந்தையில் புதிதாகத் தேய்த்துப் போட்ட மஞ்சள் கிழங்கு நீந்துவது போல இருக்கும். அம்மா அதை மஞ்சக்கிழங்கு என்றே கூப்பிட்டார். பவளப்பாறை ஓரங்களில் மணல் படிந்த இடம்தான் அதன் ஊர். பகல் முழுக்கக் கல்லைக் கொத்திக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத புழுக்களையும் பவளத்தை அரிக்கும் பூச்சிகளையும் பொறுக்கித் தின்னும். இரண்டு கண்களும் தனித்தனியாக உருளும். ஒன்று கல்லைப் பார்க்கும்போது இன்னொன்று நம்மைப் பார்க்கும். இந்த வகையில் எல்லாக் குஞ்சுகளும் பெண்ணாகத்தான் வளரும், கூட்டத்தில் பெரியதாக இருக்கிற ஒன்று பிறகு ஆணாக மாறிவிடும் என்று கிளாடிஸ் சொன்னபோது அப்பா வாயைப் பிளந்தார். “ஆம்பளை வேலையையும் பொம்பளையே சேத்துப் பாக்கோணுமாக்கும்” என்று அம்மா உள்ளே போய்விட்டார்.

ஆனால் எங்களையெல்லாம் கட்டிப் போட்டது அது தூங்கும் விதம். சாயங்காலம் ஆறு மணிக்குச் சற்று முன்னால், விளக்கு அணைவதற்கு முன்பே, இடது பக்கத்துக் கல்லடிக்குப் போகும். மூக்கை மணலில் குத்தும். வாலை இரண்டு தரம் ஆட்டும். அவ்வளவுதான், மீன் இல்லை. மணலில் ஒரு சின்னக் குழி கூட இருக்காது. காலையில் ஒன்பதுக்கு விளக்கு எரிந்த பத்தாவது நிமிடம், அதே இடத்தில் மணல் லேசாகத் தூக்கும், மூக்கு தெரியும், பிறகு முழு மீனும் தூசி தட்டிவிட்டு வரும். பயந்தாலும் இப்படித்தான் மணலுக்குள் போகும். வந்த புதிதில் மூன்று நாள் வெளியே வரவில்லை. நான் நாலு தரம் போன் செய்தேன். நாலு தரமும் கிளாடிஸ், “வந்துருமுங்ணா” என்றார். வந்தது.

செப்டம்பரில் பள்ளிக்கூடப் பேச்சு வந்தது. காரமடையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பள்ளியில் அப்பாவும் ஓர் அறங்காவலர். அங்கே நூலகத்துக்கு முன்னால் எட்டடிக் கடல் தொட்டி ஒன்று வைக்கலாம் என்று அப்பா கூட்டத்தில் சொல்லிவிட்டார். மற்றவர்கள் சரி என்றார்கள். தாளாளர் தெய்வாத்தாள் சொல்லவில்லை. முப்பது வருடம் வேதியியல் டீச்சர், பிறகு தலைமை ஆசிரியை. ஓய்வு பெற்ற பிறகும் அந்த வளாகத்தில் அவர் சொல்லாமல் ஒரு செங்கல் நகராது. கடல் மீனைக் கொண்டுவந்து மலையடிவாரத்தில் சாகடிப்பதற்கு ஒரு தொட்டி தேவையில்லை என்பது அவர் கட்சி. கடைசியில், விஜயதசமி அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்க்கிறேன், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

கிளாடிஸ் எதையும் ஆசைப்பட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. இதைக் கேட்டார். “பத்தொம்பது வயசு வரைக்கும் நானு கடலே பாக்கலீங்ணா. அந்த ஸ்கூல்ல தொள்ளாயிரம் புள்ளைக படிக்குதுங்க. லஞ்ச் பெல் அடிச்சா ஓடி வந்து பாக்கட்டுமுங்களே” என்றார். காட்டுவதற்கு மஞ்சள் இருந்தது. மண்ணுக்குள் போய்ப் படுத்து மறுநாள் எழுந்து வரும் மீனைப் பார்த்தால் எந்த டீச்சரும் மாறிவிடுவார் என்பது அவர் கணக்கு.

விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூசை.

கோயமுத்தூரில் அந்த நாளை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். லேத்திலிருந்து தையல் மெஷின் வரை எல்லாம் நின்றுவிடும். துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் பூசணிக்காயுமாகப் பூசை செய்வார்கள். மறுநாள் காலை வரை எதையும் ஓட்ட மாட்டார்கள். அப்பா இதில் ஒரு படி மேலே. வீட்டில் மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின், போர் மோட்டார் எதுவும் அன்றைக்கு ஓடாது. வருடம் பூராவும் நமக்காக ஓடுகிறது, ஒரு நாளாவது உட்காரட்டும் என்பார். அம்மா முதல் நாளே சட்னி அரைத்து வைத்துவிடுவார்.

அன்றைக்கு பெர்த்தில் மதியம் இரண்டரை மணி, கோயமுத்தூரில் பன்னிரண்டு. சாப்பிட்டுவிட்டு வந்து கேமராவைத் திறந்தேன். தொட்டியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் அசையவில்லை. கோமாளி மீன்கள் இரண்டும் மேல்மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு நின்றன. தொட்டிக்கு முன்னால் தரையில் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன் மேல் மிக்சி, டிரில்லிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி, அவற்றுக்கு நடுவில் தொட்டியின் மோட்டார். ஈரம் போகத் துடைத்து, மூன்று விரல் சந்தனமும் நடுவில் குங்குமமும் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவும் வைத்திருந்தார் அப்பா. பக்கத்திலேயே பேட்டரிக் காற்று மோட்டார், அதற்கும் பொட்டு. பெரிய மோட்டாரின் சுவிட்சை அணைத்ததும், அதே சுவிட்சில் இருந்த அது தானாக ஓட ஆரம்பித்திருக்கிறது; சரி, இதுவும் மோட்டார்தானே என்று அதையும் நிறுத்தி உட்கார வைத்துவிட்டார். விளக்கு மோட்டார் இல்லை, அதனால் அது எரிந்தது.

வீட்டில் யாரும் இல்லை. பட்டறைப் பூசைக்குப் போயிருந்தார்கள். அப்பா போனை எடுக்கவில்லை, அம்மா எடுக்கவில்லை. கிளாடிஸ் முதல் மணியிலேயே எடுத்தார். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் மட்டும் தெளிவாக இருந்தார்.

“அண்ணா, நீங்க ஒரே ஒரு வேலை செய்யுங்க. அந்தப் பெரிய கோமாளி இருக்குதுங்களே, அதோட செவுள் ஒரு நிமிசத்துக்கு எத்தனை தரம் அடிக்குதுன்னு எண்ணிச் சொல்லுங்க. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா எண்ணுங்க. நானு கெளம்பிட்டேன், வாரேன்.”

எண்ணினேன். நூற்று நாற்பது. ஐந்து நிமிடம் கழித்து நூற்று ஐம்பத்து இரண்டு. ஒவ்வொன்றையும் நேரம் போட்டு அவருக்கு அனுப்பினேன். எண்கள் அவருக்குத் தேவைப்பட்டனவா, என்னை நிதானப்படுத்தச் சொன்னாரா என்று இன்று வரை கேட்கவில்லை.

கிளாடிஸின் ஸ்கூட்டரும் அப்பாவின் காரும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றன. அதற்குப் பிறகு நடந்ததை நான் கேமராவில் பார்த்தேன். கிளாடிஸ் நேராகப் போய்த் தரையிலிருந்த மோட்டாரை எடுக்கக் குனிந்தார். அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

“பொட்டு வெச்சதை இன்னிக்கு ஓட்டறதில்லீங்களே அம்மணி. நாற்பது வருசமா ஓட்டினதில்லீங்க.”

நான் இங்கே போன் திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். கேமராவில் பேசும் வசதி இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. கிளாடிஸ் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். மீன்களைப் பார்த்தார். பிறகு மோட்டாரை விட்டுவிட்டு, அம்மாவிடம் ஒரு பெரிய சொம்பு கேட்டார்.

“செரிங்கய்யா. மோட்டாரு உக்காரட்டுங்க. என்ற கை ஓடுமுங்க.”

சொம்பில் தொட்டித் தண்ணீரை முகந்து, ஓர் அடி உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றினார். நுரை எழும்பியது. மறுபடி முகந்தார், ஊற்றினார். காற்று தண்ணீருக்குள் போக அது ஒரு வழி. ஒரு சொம்புக்கு மூன்று நொடி. புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாக மீன்களைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கோமாளி மீனின் வாய் தண்ணீருக்கு மேலே வந்து வந்து போவதை. நாற்பது சொம்பு இருக்கும். கிளாடிஸின் கை தளர ஆரம்பித்தது.

“ராமாமணி, கற்பூரம் கொண்டா” என்றார் அப்பா. அம்மா கொண்டுவந்தார். அப்பா அங்கேயே, அந்தச் செய்தித்தாளுக்கு முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தி மூன்று சுற்றுச் சுற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “பூசை முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு, சந்தனம் தொட்டித் தண்ணீரில் கரைந்துவிடாதபடி ஈரத்துணியால் தானே வழித்து எடுத்து, மோட்டாரைத் தண்ணீருக்குள் இறக்கி சுவிட்சைப் போட்டார்.

அரை மணி நேரத்தில் கோமாளி மீன்கள் கீழே இறங்கின. டேம்சல் கல்லிடுக்கிலிருந்து வெளியே வந்தது. இறால் செத்திருந்தது, கிளாடிஸ் இடுக்கியால் எடுத்து வெளியே போட்டார். மஞ்சளைக் காணவில்லை.

கிளாடிஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நின்றார். அப்பாவால் நிற்க முடியவில்லை. ஒரு கரண்டியை எடுத்து வந்து, இடது கல்லடியில் மணலைக் கிளறிப் பார்த்துவிடலாம் என்றார். இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும் என்றார். அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதில்லை.

“வேண்டாமுங்கய்யா, கையை எடுங்க” என்றார் கிளாடிஸ். அடி மணலில் அழுக்கு இருக்கிறது, கிளறினால் அது மேலே வந்து, பிழைத்த மீன்களும் சாகும் என்றார். “அது உசுரோட இருந்தா நம்ம கை பட்டு மெரண்டு போயிரும். செத்திருந்தா ரெண்டு நாள்ல தண்ணியே சொல்லிப்போடும். ரெண்டுக்கும் நாம தோண்ட வேண்டியதில்லீங்க.”

பிறகு அவரே இன்னொன்றும் சொன்னார். கரண்ட் போனால் என்ன என்று யோசித்தேன், மழை வந்தால் என்ன என்று யோசித்தேன். வருடா வருடம் எத்தனை பட்டறையிலிருந்து பொரி வாங்கித் தின்கிறேன், ஐயா வீட்டில் இது மோட்டார் என்பதை யோசிக்கவில்லை, அது என் தப்பு என்றார். அப்பா கரண்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் ஒரு வேலை செய்தேன். சென்னையில் ஒரு கடைக்குப் போன் போட்டேன். அதே வகை, அதே அளவு மஞ்சள் ஒன்று இருந்தது. காலை ரயிலில் கோயமுத்தூர் வந்துவிடும், தெய்வாத்தாள் டீச்சர் வருவதற்குள் தொட்டியில் விட்டுவிடலாம். பெருமையாகக் கிளாடிஸிடம் சொன்னேன்.

“அது வேற மீனுங்ணா.”

டீச்சருக்கு வித்தியாசம் தெரியாதே என்றேன்.

“எனக்குத் தெரியுமுங்களே. அப்பறம் அந்தத் தொள்ளாயிரம் புள்ளைககிட்டப் போயி நானு என்னத்தைச் சொல்றதுங்க?”

நான் சென்னைக்குத் திரும்பப் போன் போட்டு வேண்டாம் என்றேன்.

மறுநாள் தெய்வாத்தாள் டீச்சர் சரியாகப் பதினொன்றுக்கு வந்தார். வெள்ளைத் தலை, கையில் துணிப்பை. அப்பா அவரை உட்காரக்கூட விடாமல், நேற்று நான்தான் மோட்டாரை நிறுத்திவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கிளாடிஸ் தன் பங்குக்கு இறால் செத்ததைச் சொன்னார், மஞ்சள் மண்ணுக்குள் இருப்பதைச் சொன்னார்.

“உசுரோடயா?”

“பத்துக்கு எட்டுப் பங்கு உசுரோடதானுங்க டீச்சர்.”

“அது செரி. கண்ணுக்குத் தெரியாத மீனைக் காட்டி உசுரோட இருக்குதுங்கறீங்க. நாளைக்கு என்ற ஸ்கூல்ல காலித் தொட்டியை வெச்சுப்போட்டு, எல்லாம் மண்ணுக்குள்ள தூங்குதுன்னு நானும் சொல்லிக்கலாமாக்கும்.”

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு காபி எடுக்கப் போனார். கிளாடிஸுக்குக் கோபம் வரவில்லை. பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். தொட்டித் தண்ணீரை அதில் விட்டு, இரண்டு புட்டிகளிலிருந்து சொட்டு மருந்தை எண்ணி விட்டுக் குலுக்கினார். மண்ணுக்குள் மீன் அழுகினால் தண்ணீரில் அமோனியா ஏறும், ஏறினால் இது பச்சையாகும் என்றார். ஐந்து நிமிடம் வைத்தார்கள். வெளிர் மஞ்சளாகவே இருந்தது. தெய்வாத்தாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அதை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். வகுப்பில் பார்ப்பது போல இருந்தது அவர் பார்த்த விதம்.

“டியூபை நம்பறேன். மீனைப் பாத்தப்பறம்தான் நம்புவேன். எப்ப வரட்டும்?”

கிளாடிஸ் தன் நீள நோட்டைத் திறந்தார். எட்டுத் தொட்டிகளில் இதே வகை மீன் இருக்கிறது. பயந்து மண்ணுக்குள் போனவை இரண்டாம் நாளில் வந்ததும் உண்டு, ஐந்தாம் நாளில் வந்ததும் உண்டு, ஐந்தைத் தாண்டி எதுவும் போனதில்லை என்றார். நேற்றுதான் முதல் நாள். “ஞாயித்துக்கிழமை அஞ்சாம் நாளுங்க. ஒம்பது மணிக்கு வாங்க டீச்சர். அன்னிக்கும் வரலீன்னா, தொட்டி வேண்டாம்னு நானே சொல்லிப்போடறேன்.”

அப்படி ஒரு வாக்கைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் பெர்த்தில் தலையில் கை வைத்துக்கொண்டேன். டீச்சர் துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வெள்ளி காலையில் கிளாடிஸ் வந்து சொட்டு விட்டுப் பார்த்தார். மஞ்சள் நிறம். குழாயை அலமாரியில் தேதி எழுதி வைத்துவிட்டுப் போகும்போது அப்பாவிடம் சும்மா கேட்பது போலக் கேட்டார், ஓடுகிற மோட்டாருக்குப் பொட்டு வைத்தால் சாமி வேண்டாம் என்று சொல்லிவிடுமா என்று. அப்பா அன்றைக்கு முழுவதும் அதை யோசித்திருக்கிறார். சாயங்காலம் எனக்குப் போன் செய்து, காரமடைத் தேருக்கு நின்றுகொண்டிருக்கும்போது மட்டுமா மாலை போடுகிறார்கள், ஓடும்போதும் போடுகிறார்களே, வரும் வருடம் இந்த மோட்டாருக்கு மட்டும் ஓடும்போதே அடித்தொட்டியின் வெளிக்கண்ணாடியில் பொட்டு வைத்துவிடலாம் என்றார். ஏதோ தானே கண்டுபிடித்தது போல.

சனிக்கிழமையும் குழாய் மஞ்சளாகவே இருந்தது. மீன் வரவில்லை. கிளாடிஸ் வந்து பத்து நிமிடம் நின்றார், எழுதினார், போனார். நான் விடுமுறை நாள் முழுவதும் ஒரு சதுர அடி மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் பொறுக்க முடியாமல் போன் போட்டேன். அவர் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். “நாளைக்குத்தானுங்ணா அஞ்சாம் நாளு” என்றார். குரலில் ஒரு சுருக்கம் கூட இல்லை.

ஞாயிறு காலைப் பூசைக்குப் போய்விட்டு, தேவாலயத்துப் புடவையிலேயே கிளாடிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். சகாயமும் கூட வந்திருந்தார். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தெய்வாத்தாள் டீச்சர் வந்து நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். அப்பா பக்கத்தில். அம்மா பின்னால் நின்றார். ஒன்பதுக்கு விளக்கு எரிந்தது. கோமாளி மீன்கள் சோம்பல் முறித்துக்கொண்டு வந்தன.

ஒன்பது பத்து. மணல் அசையவில்லை.

ஒன்பதே கால். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரைக்கு அம்மா இரண்டாவது காபி கொண்டுவந்தார். டீச்சர் வேண்டாம் என்று கை காட்டினார். அப்பா எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். கிளாடிஸ் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றார். கேமராவுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. பின்னால் கோத்திருந்த விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருந்தன. அதை அந்த ஹாலில் வேறு யாரும் பார்க்கவில்லை.

ஒன்பது நாற்பத்து மூன்றுக்கு, இடது கல்லடியில் இல்லை, அதற்கு ஒரு சாண் தள்ளி, கண்ணாடி ஓரத்தில், மணல் ஒரு கடுகளவு தூக்கியது. நான் பார்த்தது என் கண்ணின் பிரமை என்று நினைத்தேன். மறுபடி தூக்கியது. மூக்கு வந்தது. ஒரு கண் வந்து, உருண்டு, நேரே தெய்வாத்தாள் டீச்சரைப் பார்த்தது. பிறகு முழு மீனும் மணலை உதறிக்கொண்டு எழுந்தது. கொஞ்சம் மெலிந்திருந்தது, மஞ்சள் அப்படியே இருந்தது. இரண்டு தரம் வட்டமடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலக் கல்லைக் கொத்த ஆரம்பித்தது.

அப்பா தொட்டியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். அம்மா மெதுவாக, “எந்திரிச்சுட்டியா கண்ணு” என்றார். கிளாடிஸ் கைகளை அவிழ்த்து நோட்டை எடுத்து நேரம் எழுதினார்.

தெய்வாத்தாள் டீச்சர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கொத்துவதைப் பார்த்தார், கண்கள் தனித்தனியாக உருள்வதைப் பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டார்.

“ஒம்பதே காலுக்கு எங்க ஸ்கூல்ல பிரேயருங்க. ஒம்பதே முக்காலுக்கு எந்திரிச்சு வர்றவங்களைக் கேட்டுக்கு வெளியிலயே நிறுத்திப்போடுவேன்.”

“லைட்டை எட்டு மணிக்குப் போட்டா எட்டரைக்குள்ள எந்திரிச்சுப்போடுமுங்க டீச்சர்” என்றார் கிளாடிஸ்.

“அப்பச் செரி” என்றார் தெய்வாத்தாள். “எட்டு மணிக்குப் போடுங்க.”